அடிப்பலகை இல்லாத ஆகாயக் கப்பல்

"...ஏத்தினா அதோடை சரி. அவன் இல்லையெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு எந்த முகத்தோடை நான் தேடுறது?"

அக்கா இதைச் சொன்னபோது நல்ல மத்தியானம். ஆனால் அறை இருட்டாக இருந்தது. யன்னல்களைச் சாத்தி, வெளிச்சம் வருகிற நீக்கல்களில் எல்லாம் சாக்குத் தொங்கவிட்டிருந்தோம். நடுவில் அத்தானின் சைக்கிள் தலைகீழாக நின்றது. அதன் பின்சில்லில் டைனமோ முட்டிக்கொண்டிருந்தது. டைனமோவிலிருந்து ஒரு வயர் மேசைக்கு ஏறி, அங்கே இருந்த ஆகாயக் கப்பலின் வாலுக்குள் நுழைந்தது. அத்தான் குந்தியிருந்து பெடலில் கை வைத்திருந்தார். சுற்ற வேண்டியதுதான் பாக்கி. வெளியே ஒழுங்கையில் சனம் மூட்டை முடிச்சோடு வேலணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இது அன்றைக்குத் தொடங்கிய பேச்சல்ல. ஐந்து வருசமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சு. எல்லாப் பேச்சுக்கும் ஒரு முதல் வேண்டுமென்றால், அது ஒரு சீனிச் சுருளில் இருக்கிறது.

அக்காவுக்கு ஒரே பிள்ளை, என் மருமகன். எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் சந்திக் கடைக்காரர் பழைய வெளிநாட்டுப் புத்தகங்களை நிறைக்கு வாங்கி, கிழித்துச் சாமான் சுற்றிக் கொடுப்பார். எண்பத்துநாலாம் ஆண்டளவில் ஒருநாள் சீனி சுற்றி வந்த தாளில் ஒரு படம். கன்னங்கரிய ஆகாயம், அதில் மிதக்கிற ஒரு நீளக் கப்பல், உடம்பெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். மருமகன் சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டுத் தாளை நக்கித் துடைத்து, மடிப்பு நீவி, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினான். பிறகு அதைப்போல அல்ல, தன்னுடையதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினான்.

தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகைதான் உடம்பு. எழுதி முடிந்த பேனைக் கூடுகள் எஞ்சின் குழாய்கள். பல்லுப்போன சீப்பு, செத்துப்போன றேடியோவின் உள்ளுடல், ஊசி மருந்துக் குப்பிகளின் மூடி என்று கையில் அகப்பட்டதெல்லாம் அந்தக் கப்பலின் மேலே ஏதோ ஓர் இயந்திரமாக மாறி ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை கால் நீட்டிப் படுக்கிற நீளம் வந்துவிட்டது.

"பஸ் நேரத்துக்கு வராத ஊரிலை இவருக்கு ஆகாயக் கப்பல் கேக்குது," என்றார் பக்கத்து வளவுக்காரர். "அறப்படிச்ச மூஞ்சூறு கூழ்ப்பானைக்குள்ளை விழுந்த கதைதான்."

"கூழ்ப்பானை எண்டாலும் ஆழம் பாக்கிறவன் பாக்கட்டுமே," என்றார் அக்கா வேலிக்கு மேலால். சனங்களின் சொல்லைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதால் எனக்கு இருந்த புத்தகம் சனத்தின் வாய்தான். அதில் அக்காவின் வாய்க்குத் தனி அலுமாரி வேண்டும்.

நான் அப்போது ஒலிபெருக்கியும் மின்விளக்கு மாலையும் வாடகைக்கு விடுகிறவன். ஊர்காவற்றுறையிலிருந்து புளியங்கூடல் வரை கலியாண வீடு, கோயில் திருவிழா என்றால் என் பாட்டும் என் பல்புகளும்தான். அதனால் மருமகனுக்கு வெளிச்ச விசயத்தில் நான்தான் ஆள். கப்பலைச் செய்வது பாதி வேலைதான், வெளிச்சம் போடுவது மற்றப் பாதி என்று அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்.

"மாமா, கப்பலின்ரை பெரிசு கப்பலிலை இல்லை. யன்னலிலை இருக்கு. யன்னல் சின்னனாகச் சின்னனாக, கப்பல் பெரிசாகும். கடுகளவு யன்னலெண்டா அதுக்குப் பின்னாலை நிக்கிற ஆள் எவ்வளவு? அப்ப கப்பல் எவ்வளவு?"

ஊசியைச் சூடுகாட்டி ஓட்டை போடுவான். ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் தங்கூசி நூலை, அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நரம்பை, சின்னத் துண்டாக வெட்டிச் செருகுவான். உள்ளே ஒரு பல்ப் எரிந்தால் அந்த நரம்புகளின் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாக மினுங்கும். இதை எங்கே படித்தான் என்று கேட்டேன். "படிக்கேல்லை, கடற்கரையிலை சூள் பந்த வெளிச்சத்திலை தங்கூசி மினுங்கினதைப் பார்த்தனான்," என்றான்.

அத்தான் வள்ளம் கட்டுகிறவர். மகனின் விளையாட்டை முதலில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைப் பொருத்துகளுக்குள்ளால் வெளிச்சம் கசிந்து வந்து யன்னல்களின் அழகைக் கெடுக்கிறது என்று பிள்ளை முறைப்பட்ட அன்றுதான் எழும்பி வந்தார். குனிந்து பார்த்தார். "இது ஒழுக்கு," என்றார். "தண்ணி உள்ளுக்கு வாறதும் ஒழுக்குத்தான், வெளிச்சம் வெளியிலை போறதும் ஒழுக்குத்தான்." அன்றிலிருந்து தகப்பனும் மகனும் கூட்டு. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை உள்ளே ஒட்டினார்கள். பொருத்துகளுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்தார்கள்.

இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் வேண்டும் என்று அத்தான் ஒற்றைக் காலில் நின்றார்.

"ஆகாயத்திலை ஏது அத்தான் இடம் வலம்?" என்றேன்.

"ஏன், மேலை போனவுடனே ஆளுக்குக் கை ரெண்டும் ஒண்டாப் போகுமோ? எதிரிலை இன்னொரு கப்பல் வந்தா இவர் எந்தப் பக்கத்தாலை விலத்துவார்? உம்மடை பாட்டுப் பெட்டியை வைச்சுக் கூப்பிடுவாரோ?"

இனிப்பு ரொபி சுற்றுகிற தாளில் சிவப்பும் பச்சையும் வெட்டி ஒட்டினான் பிள்ளை. தகப்பனுக்காகத்தான்.

ஒரு விசயத்தில் மட்டும் அவர்கள் ஒத்துவரவில்லை. கப்பலின் வயிற்றுப்பக்கத்தில் ஒரு பலகையை மருமகன் போடாமல் விட்டிருந்தான். அந்த வாசலைத் தன் கையை வைத்து அளந்து வெட்டினான். அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தபோது கையை முழங்கை வரை விட்டுக் காட்டினானாம். "அம்மா, பல்ப் போனா இதுக்குள்ளாலை என்ரை கை போகவேணும்." அத்தானுக்கு அந்த ஓட்டையைப் பார்த்தால் கண் கடித்தது. அடியில் திறந்து கிடக்கிற எதையும் அவர் வாழ்நாளில் முடிந்த வேலை என்று சொன்னதில்லை.

என்னிடம் இருந்தவை பெரிய கலியாணவீட்டுப் பல்புகள். அவனுக்கு வேண்டியவை டோர்ச் லைற்றுக்குப் போடுகிற சின்னவை. எண்பத்தாறில் ஒரு காலை, "யாழ்ப்பாணத்துக்குப் போய் பல்ப் வேண்டிக்கொண்டு வாறன்," என்று பஸ் ஏறினான். பத்தொன்பது வயது. கப்பல் அலுமாரிக்கு மேலே இருந்தது, வயிறு திறந்தபடி.

அவன் வரவில்லை.

தேடினதை எழுதினால் இது வேறு கதையாகிவிடும். எல்லா வீட்டிலும் அந்தக் கதை இருந்தது. அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மூன்று செய்தி வந்தது. ஆமி பஸ்ஸை மறித்த இடத்தில் இறக்கினார்கள் என்று ஒருவர். இயக்கப் பெடியங்களோடு பிக்கப்பில் போகக் கண்டேன் என்று ஒருவர். மன்னாரில் வள்ளம் ஏறினான், இந்தியாவில் இருப்பான் என்று இன்னொருவர். இந்த மூன்றையும் அக்கா மூன்று பிள்ளையைப் போல வளர்த்தார். "மூண்டு இடத்திலை கண்டவை. மூண்டு இடத்திலை இருக்கிறவன் ஒரு இடத்திலையும் இல்லாமல் போகமாட்டான்," என்பார்.

அலுமாரிக்கு மேலே இருந்ததைத் துடைப்பார், ஆனால் இறக்கமாட்டார்.

கடலில் தடை வந்து, இறுகி, கடைசியில் வள்ளம் கட்டுவிக்க ஆளில்லாமல் போனது. அத்தானின் உளியும் வாய்ச்சியும் சும்மா கிடந்தன. தொண்ணூறில் கரண்டும் போனது. என் ஒலிபெருக்கிகள் கோழி அடைக்கிற கூடுகளாயின. பற்றரிக்கும் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்கிற காலம் வந்தது. அந்த நாட்களில்தான் ஒருநாள் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கப்பல் மேசையில் இருந்தது. அத்தான் பக்கத்தில் கதிரையைப் போட்டு, நெற்றியில் கண்ணாடியோடு இருந்தார்.

"மச்சான், உவன் பாதியிலை விட்டிட்டான். நான் முடிக்கப்போறன்."

"அக்கா என்ன சொன்னவ?"

"அவ ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் எனக்கும் பயம்."

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா? அதை அவருக்குச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். "உதைச் சொன்னவன் கரையிலை நிண்டவன்," என்றார். "கவிண்டா கன்னத்திலை வைக்கக் கை மிஞ்சாது." பிறகு சிரித்தார். அந்த வருசம் முழுக்க அவர் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தரம்தான்.

பல்புக்கு அலைய வேண்டி வரவில்லை. பற்றரி இல்லாததால் ஊரிலுள்ள டோர்ச் லைற்றெல்லாம் செத்த பாம்பாகக் கிடந்தன. கேட்ட வீடெல்லாம் கழற்றித் தந்தார்கள். "கொண்டு போ தம்பி, உது இனி என்ன குட்டி போடப்போகுதே," என்று ஒரு மனிசி இரண்டை உள்ளங்கையில் கொட்டினா. அந்தப் பிள்ளை எதை வாங்கப் பஸ் ஏறினானோ, அதை ஊர் இப்போது சும்மா தந்தது. திரும்பி வரும் வழியில் பையைக் குலுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

டைனமோ மின்சாரம் ஒரு குணம் கெட்ட சாமான். மெதுவாகச் சுற்றினால் பல்ப் அழும், வேகமாகச் சுற்றினால் எரிந்துபோகும். அந்தச் சின்னப் பல்பு ஒன்றுக்கு டைனமோவைத் தனியாகத் தாங்க ஏலாது. மூன்று மூன்றாகக் கோவைபோலத் தொடுத்தேன், திருவிழா மாலை கட்டுவதைப்போல. கோவையில் ஒன்று போனால் மற்ற இரண்டும் நூர்ந்துவிடும். மேசையில் பரப்பி ஒருதரம் சுற்றிப் பார்த்தோம். எரிந்தது. உள்ளே வைத்தோம்.

வயிற்றுப்பக்கம் வந்தது.

"அத்தான், பல்ப் போனா எப்பிடி மாத்துறது? உதை அப்பிடியே விடுங்கோவன்."

"அடியிலை ஓட்டையோடை ஒரு வள்ளமும் என்ரை கையாலை இறங்கினதில்லை. கடைசியாச் செய்யிறதை அப்பிடி இறக்கச் சொல்லுறீரோ?"

வேறு யாருடைய தகப்பனாவது அதைத் திறந்து விட்டிருப்பான். அவர் வள்ளக்காரர். பலகையை இழைத்து, பொருத்திலே மயிர் நுழையாமல் அடித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, பெருவிரலால் நீவினார். கவிழ்த்துத் தடவினார். எங்கே வாசல் இருந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

குங்கிலிய மணத்துக்கு அக்கா குசினியிலிருந்து வந்தார். கப்பலைப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் அந்த இடத்திலேயே கையை வைத்திருந்தார்.

"அவன்ரை கை போறதுக்கு விட்ட வழி."

அத்தான் பெருவிரலில் ஒட்டியிருந்த குங்கிலியத்தைத் துடைத்தார்.

"ஒழுக்கு அடைச்சுப்போட்டியள். நல்லது. இப்ப இது ஒரு பெட்டி."

பெட்டியை மூடி எங்கே கொண்டுபோவார்கள் என்று அவர் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் விளங்கியது.

அன்றிலிருந்து கப்பலுக்கு வெளிச்சம் போடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். எங்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனால் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றுவோம். அக்கா மகனின் படத்தைச் சுவரில் கூட மாட்டவில்லை, பூ வைக்க யாருக்காவது மனம் வந்துவிடும் என்று. அவன் கையால் தொட்ட ஒன்றுக்குள் விளக்கு எரிவதும் அவருக்கு அதே விளக்குத்தான். அத்தானுக்கு அப்படி இல்லை. "அவன் எப்பிடி எரியுமெண்டு நினைச்சானோ, அதை ஒருக்காப் பாக்கவேணும். அவன்ரை கண்ணுக்குள்ளை இருந்ததை நான் பாக்கேல்லை, மச்சான். அவ்வளவுதான்." இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் கேட்டார்கள். ஒருவருக்கு அது எரிந்தால் கிடைக்கும், மற்றவருக்கு எரிந்தால் போய்விடும்.

இந்த நேரத்தில் புளியங்கூடலிலிருந்து அத்தானின் தமையன் வந்தார். வந்தவர் தேத்தண்ணி குடித்து முடித்தபின், தொண்டையைச் செருமி, பேச்சை எடுத்தார்.

"பிள்ளை, அஞ்சு வருசமாகுது. அவன்ரை ஆத்மா அலையக்கூடாது. ஐயரோடை கதைச்சனான். திதி தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாமாம். உடம்பு இல்லாட்டி தர்ப்பையிலை ஒரு உருச் செய்து..."

"செய்து?"

"செய்து, கிரியையளை முடிச்சு, அந்தியேட்டியும் செய்திட்டா..."

"புல்லாலை ஒரு பிள்ளை செய்து எரிக்கச் சொல்லுறியளோ அண்ணை? பெத்ததை நான் இன்னும் காணேல்லை. புல்லை எரிச்சுப்போட்டு, அவன் படலையைத் திறந்து வந்தா, ஆர் நீயெண்டு கேக்கிறதோ?"

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். படலையடியில் என்னிடம், "தாய் மனம். ஆனா தம்பி, உமக்குத் தெரியும்தானே?" என்றார். எனக்குத் தெரியும்தான். தெரிந்ததை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக வழி தெரியவில்லை. இரவில் யாராவது படலையைத் தட்டினால் அக்கா, "ஆரது?" என்று கேட்கமாட்டார். "வாறன்," என்றுதான் சொல்லுவார்.

தொண்ணூற்றொன்றில், மாரி தொடங்குவதற்கு முன், தீவை விட்டு ஓட வேண்டி வந்தது. ஆமி அடிக்கிற செல் சத்தம் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து நெருங்கிவந்தது. வேலணைக் கரையிலிருந்து அராலிக்கு வள்ளம் கொண்டுபோகிறது, ஆளுக்கு ஒரு பைதான் ஏற்றுவார்கள் என்று கதை. நான் என் வீட்டு ஆட்களை அனுப்பிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன். அக்கா அரிசியும் உடுப்பும் கட்டிக்கொண்டிருந்தார். அத்தான் சைக்கிளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலைக் கொண்டுபோக ஏலாது. நீளத்தை விடுங்கள். உள்ளே வயர், பல்ப், அடைத்துப் பூசிய பெட்டி. வழியில் எந்தச் சோதனையில், எந்தப் பக்கத்துக்காரன் கண்டாலும் அதை வெடிகுண்டு என்பான். விண்வெளிக்குப் போகிற கப்பல் என்று விளங்கப்படுத்துகிற அளவுக்கு ஒருவனும் எங்களைப் பேசவிடமாட்டான். அத்தானுக்கும் அது தெரியும்.

"விட்டிட்டுத்தான் போறம்," என்றார். "போக முதல் ஒருக்கா. ஒரேயொருக்கா. மச்சான், அந்தச் சாக்கை நல்லா இழுத்து விடும்."

நான் இழுத்து விட்டேன். அறை இருண்டது. கண் பழக, கப்பலின் உருவம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. எனக்கும் பார்க்க ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஊசியால் குத்திய அத்தனை யன்னல். அத்தனைக்கும் பின்னால் ஆள் இருக்கிறார்கள் என்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான்.

அத்தான் பெடலைப் பிடித்தார். அப்போதுதான் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"இதை ஏத்தப்போறியளோ?"

"இனி எப்ப அம்மா?" அத்தான் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இனி நாங்கள் வருவமோ தெரியாது. வந்தாலும் இது இருக்குமோ தெரியாது. அவன்ரை வெளிச்சத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"எனக்கும் பாக்க ஆசையில்லையெண்டு நினைச்சியளோ? நான் உங்களைக் குறை சொல்லேல்லை. நீங்கள் களைச்சுப்போனியள், முடிக்க நினைக்கிறியள். ஆனா ஒரு தாய் இருக்கேக்கை, பிள்ளை இல்லாத வீட்டிலை பிள்ளைக்கெண்டு ஒரு விளக்கை ஏத்தினா அதோடை சரி. அவன் இல்லையெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு எந்த முகத்தோடை நான் தேடுறது?"

அத்தானின் கை பெடலில் அப்படியே இருந்தது. சுற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. தூரத்தில் ஒரு செல் விழுந்து, சாக்கு ஒருதரம் உள்ளே ஊதி அடங்கியது.

அக்கா குசினிக்குள் போய்த் தேங்காய் உடைக்கிற கத்தியோடு வந்தார். யன்னல் சாக்கை ஒரு கையால் இழுத்து அறுத்து எறிந்து, கதவைத் திறந்துவிட்டார். மத்தியான வெயில் மேசையில் விழுந்தது. கப்பலைக் கவிழ்த்து மடியில் வைத்து, கதிரையில் இருந்து, அத்தான் அடைத்த பொருத்தைப் பெருவிரலால் தேடிக் கண்டுபிடித்து, கத்தி முனையை வைத்து நெம்பினார். குங்கிலியம் பொருக்குப் பொருக்காகப் பறந்தது. பலகை ஒரு சத்தத்தோடு கழன்றது. மகன் தன் கைக்கு அளந்து வெட்டிய அந்த வாசலுக்குள் அக்கா தன் கையை விட்டு, துழாவி, வயரோடு பல்புகளை மாலையாக வெளியே இழுத்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, சேலைத் தலைப்பில் வைத்து முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகினார். கப்பலை வயிறு மேலே பார்க்கத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு, அரிசிப் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படலையை நோக்கி நடந்தார்.